அப்பாவுக்குச் சாமி வந்த பொங்கல்

எங்கள் அப்பா மேல் ஒரு பங்குனிப் பொங்கலுக்குக் காளியம்மன் இறங்கினாள் என்று ஊரில் இன்னமும் சொல்கிறார்கள். காளியம்மன் இறங்கவில்லை. இறங்கியது சாராயம். வருஷக்கணக்காக உடம்புக்குள் ஏறியிருந்த சாராயம் ஒரேயடியாக இறங்கினால் மனுசன் எப்படி ஆடுவான் என்பதை ஊரே கூடி நின்று கும்பிட்டுப் பார்த்தது. நானும் கும்பிட்டேன். அப்போது எனக்குப் பத்து வயசு.

எங்கள் ஊர் ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கம். காய்ந்த காடும் காட்டுக்கு நடுவே பட்டாசுக் கம்பெனிகளும் தவிர அங்கே பார்க்க ஒன்றும் கிடையாது. காலையில் வேன் வந்து ஆட்களை அள்ளிக்கொண்டு போகும், சாயங்காலம் கொண்டுவந்து தட்டிவிட்டுப் போகும். அப்பாவுக்கு மருந்து ரூமில் வேலை. பட்டாசுக்குள் போகிற தூள்களை எங்கள் பக்கம் மருந்து என்றுதான் சொல்வோம். அதைச் சலித்துக் கலக்குகிறவர் அப்பா. ஆபத்தான வேலை, அதனால் மரியாதையான வேலை.

அப்பா குடித்துவிட்டுத் தெருவில் விழுந்தவர் இல்லை. அம்மாவை அடித்தவரும் இல்லை. மற்ற ஆட்கள் வேலை முடிந்தபிறகு குடிப்பார்கள். அப்பா வேலைக்குப் போவதற்காகக் குடிப்பார். காலையில் எழுந்ததும் அவர் கை ஆடும். சட்டைப் பித்தான் போட முடியாது. டம்ளரை வாய்க்குக் கொண்டு போனால் பல்லில் தட்டிச் சத்தம் வரும். பாட்டிலில் இருப்பதில் கொஞ்சம் உள்ளே போனதும் கை கல் மாதிரி நின்றுவிடும். மருந்து ரூமுக்குள் விடுவதற்கு முன்னால் போர்மேன் எல்லோரையும் கையை நீட்டச் சொல்லிப் பார்ப்பாராம். புதிதாக வந்த பையன்கள் பயத்தில் நடுங்கி வெளியே நிற்பார்கள். அப்பா தினமும் பாஸ். வாடை தெரியாமல் இருக்க வெற்றிலை போட்டுக்கொள்வார். போர்மேனும் வெற்றிலை போட்டிருப்பார். காரணம் அதேதான்.

இதை எங்கள் வீட்டில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வருஷம் சீசன் முடிகிற நேரத்தில் பக்கத்துக் கம்பெனியில் ஒரு மருந்து ரூம் வெடித்தது. அம்மா போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். அன்றைக்குச் சோறு பொங்கவில்லை. மறுநாளே காளியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். பங்குனிப் பொங்கலுக்கு அப்பா காப்புக் கட்டி, விரதம் இருந்து, அக்கினிச்சட்டி எடுப்பார். அதோடு குடியை விட்டுவிடுவார். அப்பாவைக் கேட்டு நேர்ந்துகொள்ளவில்லை. எங்கள் பக்கம் பெண்கள் அப்படிக் கேட்பதில்லை.

பொங்கல் சாட்டியதும் பூசாரி மணிக்கட்டில் மஞ்சள் கயிறு கட்டுவார். அதுதான் காப்பு. கட்டிவிட்டால் கவிச்சி கூடாது, செருப்பு கூடாது, குடி கூடாது, பொங்கல் முடிகிறவரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. வருஷமெல்லாம் குடித்த ஆட்கள்கூட அந்தச் சமயத்தில் தொடமாட்டார்கள். ரோட்டோரத்து ஒயின்ஷாப்பில் ஈ ஓட்டிக்கொண்டிருப்பார்கள். அந்த ஆட்கள் கொஞ்சம் சிடுசிடுப்பார்கள், பொண்டாட்டி பிள்ளையைத் திட்டுவார்கள், அதோடு சரி. அவர்களுக்கு ஒன்றும் ஆகாதபோது அப்பாவுக்கு மட்டும் என்ன ஆகும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். சாயங்காலம் குடிக்கிறவனுக்கும், குடித்தால்தான் எழுந்து நிற்க முடிகிறவனுக்கும் வித்தியாசம் உண்டு என்று சொல்ல ஊரில் ஆள் இல்லை.

அப்பா மட்டும் சொல்லிப் பார்த்தார்.

"காப்பு வேண்டாம்த்தா. என்னால முடியாது."

"ஊரே இருக்குல்ல. ஒங்களுக்கு மட்டும் என்ன முடியாது?"

"எல்லாரு மாதிரியும் இல்ல நானு."

"ஆமா, நீங்க கலெக்டரு. பேசாமப் போயிக் குளிச்சிட்டு வாங்க."

அப்பா குளித்துவிட்டு வந்தார். பூசாரி கட்டும்போது கை ஆடியது. பூசாரி அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். "பாத்தியாத்தா, கயிறு பட்ட உடனே ஆத்தா அசைக்கா."

மறுநாள் அப்பா பாயை விட்டு எழவில்லை. காப்பி கொடுத்தால் பாதி நெஞ்சில் கொட்டியது, மீதியை வாந்தி எடுத்தார். பங்குனி வெயிலில் எல்லோருக்கும் வேர்க்கும். அப்பாவுக்கு வேர்த்தது அப்படி இல்லை. பாயைத் தூக்கினால் அடியில் ஈரமாக ஆள் உருவம் இருந்தது. அம்மாவுக்குச் சந்தோஷம். "கெட்ட தண்ணி பூராம் வெளிய வருது" என்று சொல்லித் துண்டை நனைத்து நனைத்துத் துடைத்தாள்.

மத்தியானம் மாமா வந்தார். அம்மாவின் தம்பி. லோடு ஆட்டோ ஓட்டுகிறவர். பட்டாசுப் பெட்டிக்கான அட்டையைக் கம்பெனி கம்பெனியாக இறக்குவார். அவரும் குடிக்கிறவர்தான். அந்த வருஷம் காப்புக் கட்ட மாட்டேன் என்று சொல்லி, ஊர் வாயில் விழுந்து எழுந்திருந்தார். அப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவர் வெளியே வந்து அம்மாவிடம் மெதுவாகச் சொன்னார்.

"யக்கா, மச்சான் கோலம் சரியில்ல. ஒரு கட்டிங் உள்ள போனா நின்னுரும்."

அம்மா விளக்குமாற்றை எடுத்தாள். "காப்புக் கட்டின வீட்டுல வந்து என்ன பேச்சுப் பேசுத? நீ நாசமாப் போறது பத்தாதுன்னு அவரையும் கூப்பிடுதியா?"

"அடிக்கிறதுன்னா அடி. கிறுகிறுன்னு வருதாக்கும், அவருக்கு. எனக்கே ஒருக்கா வந்திருக்கு."

"போலே வெளியே."

மாமா முதுகில் ஒன்று வாங்கிக்கொண்டு போனார். அவர் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்தது தெரிந்தது. கிளம்பவில்லை. ஆட்டோ வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது. வெட்கம் கெட்ட மனுசன் என்று நினைத்தேன்.

அதற்கடுத்த நாள் காலையில் அப்பா எழுந்து உட்கார்ந்துவிட்டார். கண் சிவந்திருந்தது. பொட்டுக்கூடத் தூங்கவில்லை. சுவரில் எதையோ ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துக் கீழே போட்டார். சுவரில் ஒன்றுமில்லை. பிறகு இரண்டு கையையும் முன்னால் நீட்டி, எதையோ பிடித்துக்கொண்டு இப்படியும் அப்படியும் அசைத்தார். நிறுத்துவார், தட்டுவார், மறுபடி அசைப்பார். எனக்கு அது என்னவென்று தெரியும். லீவு நாளில் அப்பாவுக்குச் சோறு கொண்டுபோய்க் கொடுத்துவிட்டுத் தூரத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அப்பா மருந்து சலித்துக்கொண்டிருந்தார்.

பெரியப்பா வந்தபோது அதைத்தான் சொன்னேன். "பெரியப்பா, அப்பா சலிக்காக."

பெரியப்பா என் தலையைத் தடவினார். அவர் முகம் அவ்வளவு மலர்ந்து நான் பார்த்ததில்லை. "சலிக்கலத்தா. ஆத்தா திருநீறு அள்ளுதா."

பெரியப்பாவுக்கு ஒரு குறை இருந்தது. எங்கள் வகையறாவில் சாமியாடி கிடையாது. வேறொரு பங்காளி வீட்டில்தான் ஆடுவார்கள், அவர்களுக்குத்தான் முதல் திருநீறு, அவர்கள் பேச்சுக்குத்தான் கோயிலில் எடை. இப்போது தன் தம்பி மேலேயே ஆத்தா வந்துவிட்டாள் என்றதும் அவருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. உறுமிக்காரரைக் கூட்டிவரச் சொன்னார். வேப்பிலை ஒடித்து அப்பா கையில் திணித்தார். அப்பா அதைத் தட்டிவிட்டுச் சலிப்பதைத் தொடர்ந்தார். மறுபடியும் திணித்தார்கள்.

கோயிலுக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தியதும் கூட்டம் சேர்ந்தது. ஆட்கள் வரிசையாக வந்து குறி கேட்டார்கள். அந்த வரிசையை இப்போது நினைத்தாலும் எனக்கு ஆத்திரத்தில் சிரிப்பு வருகிறது. முதலில் வந்தது மானாவாரியில் மல்லி விதைக்கிற ஒரு பெரியவர்.

"ஆத்தா, மழை பெய்யுமா?"

அவருக்குப் பின்னால் நின்றது கம்பெனிக்கு ஆள் பிடிக்கிற ஏஜென்ட். பட்டாசு வெயிலில் காய வேண்டும். மழை பெய்தால் அவருக்கு ஆகாது. "பெய்யாம இருக்கணும் ஆத்தா" என்று அவரும் கையெடுத்தார்.

அப்பா தன் கையைப் பார்த்தார். வேகமாகத் தேய்த்துவிட்டுக்கொண்டார். "எறும்பு ஏறுது. எம்புட்டு எறும்பு. தட்டி விடுங்கலே!"

எறும்பு ஏறினால் மழை. பெரியவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஏஜென்ட் முகம் செத்துப்போனது.

எனக்கும் ஆசை வந்தது. பள்ளிக்கூடத்தில் என்னோடு படிக்கிற பிள்ளைகள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்று காலை வரை நான் குடிகாரன் மகள், இப்போது ஆத்தா மகள். முன்னால் போய் நின்று, "நான் பாஸாவேனா?" என்று கேட்டேன்.

அப்பா என்னை உற்றுப் பார்த்தார். அந்தப் பார்வையில் நான் இல்லை.

"யாரு இந்தப் பிள்ளைய உள்ள விட்டது? செக்கிங் வாராக. ஓடு, பின்வாசல் வழியா ஓடு!"

கம்பெனியில் சின்னப் பிள்ளைகளை வேலைக்கு வைத்திருக்கிறார்களா என்று அதிகாரிகள் வந்து பார்ப்பதுதான் செக்கிங். ஏஜென்ட் செல்போனை எடுத்துக்கொண்டு ஓரமாக ஓடினார். காப்புக் கட்டாத வெளியூர் ஆட்களை வைத்துப் பொங்கலுக்கும் ஓடிக்கொண்டிருந்த இரண்டு மூன்று கம்பெனிகள் அன்றைக்கு அரை நாளிலேயே மூடப்பட்டன. ஒரு செக்கிங்கும் வரவில்லை. வராததற்கும் ஆத்தா முன்கூட்டிச் சொன்னதுதான் காரணம் என்றார்கள்.

உறுமிச் சத்தம் கூடியது. பெரியப்பா அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, "சொல்லு ஆத்தா, ஓம் பிள்ளைகளுக்குச் சொல்லு" என்று உலுக்கினார். அப்பா சொல்லவில்லை. ஒரு பக்கமாகக் கழுத்தைத் திருப்பினார். உடம்பு விறைத்தது. மரம் சாய்கிற மாதிரி மண்ணில் விழுந்து, கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. வாயில் நுரை, நுரையில் ரத்தம்.

பெண்கள் குலவையிட்டார்கள். "ரத்தம் காட்டுறா ஆத்தா" என்று யாரோ கத்தினார்கள். நானும் குலவையிட முயன்றேன், எனக்கு நாக்கு சுழலவில்லை.

அம்மா பொங்கல் அடுப்புக்குப் பக்கத்திலிருந்து வந்தாள். அவளுக்கும் அன்று காலையிலிருந்து பெருமைதான். சாமியின் பொண்டாட்டி என்று தனியாக அடுப்புக்கட்டி போட்டுக் கொடுத்திருந்தார்கள். கூட்டத்தை விலக்கி வந்தவள் கும்பிடத்தான் வந்தாள். குனிந்தவள் கும்பிடவில்லை. அப்பாவின் வேட்டியைப் பார்த்தாள். வேட்டி நனைந்திருந்தது. கையால் தொட்டு மோந்து பார்த்தாள்.

"குலவைய நிப்பாட்டுங்கடி" என்றாள்.

யாரும் நிறுத்தவில்லை. அம்மா எழுந்து நின்று கத்தினாள்.

"நிப்பாட்டுங்கடி! சாமி ஒண்ணுக்குப் போகுமாடி?"

உறுமி நின்றது.

பெரியப்பா பல்லைக் கடித்தார். "என்ன பேச்சுப் பேசுத? வாயக் கழுவு."

"அத்தான், இது ஆத்தா இல்ல. இவருக்கு உசுரு போவுது. ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க."

"காப்புக் கட்டினவன் எல்லை தாண்டக் கூடாது. தாண்டினா ரத்தம் கக்கிச் சாவான்."

"இப்பயும் அதத்தான கக்குதாரு?"

பதில் இல்லாத ஆம்பளை செய்வதையே பெரியப்பாவும் செய்தார். குறுக்கே நின்றுகொண்டார். "காப்போட இவன் இங்கன இருந்து நகர மாட்டான். அம்புட்டுத்தான்."

அம்மா மண்ணில் உட்கார்ந்தாள். அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்தாள். சுற்றுமுற்றும் பார்த்தாள், அறுக்க ஒன்றும் இல்லை. குனிந்து வாயை வைத்தாள். முதலில் அப்பா கையைக் கடிக்கிறாள் என்றுதான் நினைத்தேன். காப்புக் கயிற்றைப் பல்லால் கடித்து, இழுத்து, அறுத்துத் துப்பினாள். பொங்கல் முடியாமல் காப்பை அறுத்த ஒருத்தியை அந்த ஊர் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. ஒரு கிழவர் காதைப் பொத்திக்கொண்டார். எதற்குக் காதைப் பொத்தினார் என்று தெரியவில்லை.

"ஏலே தம்பி!" என்றாள் அம்மா. மாமா ஆட்டோவைக் கோயில் வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்.

பின்னால் அட்டைக் கட்டுகளுக்கு நடுவே அப்பாவைக் கிடத்தினார்கள். தூக்கியது மாமாவும் அம்மாவும் நானும்தான். மாமா அப்பாவை ஒருக்களித்துப் படுக்க வைத்தார். அம்மா தலையைப் பிடித்துக்கொண்டாள், என்னைக் காலைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். ஊர் எங்கள் பின்னால் எல்லைக்கல் வரை வந்தது. வந்தவர்கள் எல்லோர் கையிலும் காப்பு இருந்ததால் கல்லோடு நின்றுவிட்டார்கள். எங்களை எல்லைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோக அந்த ஊரில் ஒரு ஆளால்தான் முடிந்தது. குடிக்க வேண்டும் என்பதற்காகக் காப்புக் கட்டாத மாமா. அன்று அவர் குடிக்கவில்லை. நான் பக்கத்தில் இருந்து பார்த்தவள், சொல்கிறேன்.

அம்மா கையிலும் ஒரு காப்பு இருந்தது. ஆட்டோ கல்லைத் தாண்டியபோது குனிந்து பார்த்தாள். அதையும் கடித்துத் துப்பினாள்.

டவுன் அரசாங்க ஆஸ்பத்திரியில் இருந்தது ஒரு பெண் டாக்டர். அப்பாவின் கண்ணைத் தூக்கிப் பார்த்தார், காய்ச்சல் பார்த்தார். ஊசி ஒன்று உடனே போடச் சொன்னார். பிறகு அம்மாவைப் பார்த்துக் கேட்டார். "கடைசியா எப்போ குடிச்சாரு?"

அம்மா நிமிர்ந்தாள். நல்ல சர்டிபிகேட்டைக் காட்டுகிற மாதிரி சொன்னாள். "குடிக்கவே இல்லைங்க. காப்புக் கட்டினதுல இருந்து ஒரு சொட்டுத் தொடலைங்க."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி தினமும். எந்திரிச்ச உடனே வேணும்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அதான்மா இது. இவ்வளவு குடிக்கிறவர் உடம்பு அதுக்கே பழகிப்போயிருக்கும். திடுதிப்புனு நிறுத்தினா மூளை தாங்காது. இல்லாததெல்லாம் கண்ணுக்குத் தெரியும், வலிப்பு வரும், ஆளே போயிருவாரு. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா நீங்க கூட்டிட்டே வந்திருக்க வேண்டாம். யாரு இவரை வீட்டுல வச்சு நிறுத்தச் சொன்னது?"

மாமா முந்திக்கொண்டு, "சாமிக்கு நேந்ததுங்க" என்றார்.

"நாந்தான்" என்றாள் அம்மா. "நாந்தான் சொன்னேன்."

டாக்டர் அவளைப் பார்த்தார். அவருக்கும் அன்றைக்கு எத்தனை நோயாளிகளோ. கொஞ்சம் குரலை இறக்கிக்கொண்டார். "நிறுத்தச் சொன்னது தப்பில்லம்மா. குடியை நிறுத்தத்தான் வேணும். ஆனா முதல்ல இங்க கூட்டிட்டு வரணும். நாங்க படுக்க வச்சு, நடுக்கத்துக்கு மாத்திரை குடுத்து, அதைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சு, சத்து ஊசி போட்டு நிறுத்துவோம். அதுக்கு ஒரு முறை இருக்கு."

"நான் அப்பவே சொன்னேங்க, ஒரு கட்டிங் குடுன்னு" என்றார் மாமா.

"அதுவும் வைத்தியம் இல்ல. வீட்டுல வச்சு அளந்து ஊத்த நீங்க யாரு? கை நடுங்கின அன்னைக்கே இதே வண்டியில ஏத்திட்டு வந்திருந்தா வலிப்பே வந்திருக்காது."

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். யாரு நிறுத்தச் சொன்னது என்று டாக்டர் கேட்ட இடத்திலேயே அவள் நின்றுவிட்டிருந்தாள் என்பது எனக்கு இப்போது தெரிகிறது. அப்போது, டாக்டருக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்தேன்.

அப்பாவைச் சத்தம் குறைந்த ஒரு மூலைக் கட்டிலில் போட்டார்கள். கையில் குளுக்கோஸ் ஏறியது. அதற்கு முன்னால் ஏதோ சத்து ஊசி போட்டார்கள். எழுந்து ஓடாமல் இருக்க வேட்டித் துணியைக் கிழித்துக் கையைக் கட்டில் கம்பியில் தளர்வாகக் கட்டினார்கள். நர்சம்மா எனக்கு ஒரு வேலை கொடுத்தார். "நீ யாரு, இது எந்த இடம்னு அப்பாகிட்டச் சொல்லிக்கிட்டே இரு. அவரு மறந்துக்கிட்டே இருப்பாரு. நீ சலிக்காமச் சொல்லணும்."

நான் சொன்னேன். "நான் ஒங்க மக. இது ஆஸ்பத்திரி."

"மணி அடிச்சாச்சா?" என்றார் அப்பா.

"கம்பெனி இல்லப்பா. ஆஸ்பத்திரி. நான் ஒங்க மக."

"மூடிய இறுக்கி வையி. காத்துப் படக் கூடாது."

பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு சொல்கிற மாதிரி சொல்லிக்கொண்டே இருந்தேன். ஊசி போடப்போட அவருக்கு நடுக்கம் குறைந்தது. பிறகு நீளமாகத் தூங்கினார். தூங்கி எழுந்து என்னைப் பார்த்து, "என்ன தாயி, பள்ளிக்கூடம் போகலையா?" என்று கேட்டார். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. சாமி போய்விட்டது. பழைய அப்பாதான் இருந்தார்.

அம்மா அதைக் கேட்டதும் வெளியே வராண்டாவுக்குப் போய்விட்டாள்.

பின்னால் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அப்பா திருந்திவிட்டார் என்று கதை முடிக்க எனக்கு ஆசைதான். தீபாவளி சீசனில் மறுபடியும் குடித்தார். இந்த முறை அம்மா நேர்ந்துகொள்ளவில்லை. வேட்டியும் துண்டும் தட்டும் டம்ளரும் ஒரு கூடையில் வைத்துக்கொண்டு, குடிக்கிற ஆளைக் குடியோடே அதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சேர்த்தாள். மாத்திரை கொடுத்தார்கள், குறைத்தார்கள், நிறுத்தினார்கள். கொஞ்சம் நடுங்கினார், கொஞ்சம் எரிந்து விழுந்தார், அவ்வளவுதான். அந்த முறை சாமி வரவில்லை. அப்புறம் ஒருமுறை வழுக்கினார், அதற்கும் அம்மா கூடையை எடுத்தாள். அதற்குமேல் அப்பா குடிக்கவில்லை. மருந்து ரூமுக்கும் போகவில்லை, பேக்கிங்கில் இருக்கிறார். உயிரோடு இருக்கிறார்.

நான் சொல்ல வந்தது, அந்த முதல் தடவை ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய நாளைப் பற்றி. அதற்குள் ஊரில் பொங்கல் முடிந்திருந்தது. அம்மாவுக்குப் பட்டப்பெயர் வைத்து முடித்திருந்தார்கள். சாமியைக் கடிச்சவ. குழாயடியில் அம்மா குடத்தை வைத்தால் மற்றவர்கள் குடத்தை எடுத்தார்கள். வந்த சாமியைப் பாதியிலே விரட்டிவிட்டாள், ஊருக்கு என்ன ஆகப்போகிறதோ என்றார் பெரியப்பா. கோயிலில் ஊர் கூடிப் பேசியது. அம்மா தெய்வக் குற்றம் செய்திருக்கிறாள், கோயிலை மூன்று சுற்றுச் சுற்றி விழுந்து மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று முடிவானது.

மாமாவுக்குக் கோபம் வந்தது. "என்னத்துக்கு மன்னிப்பு? ஒங்க சாமியக் கேட்டுக்கிட்டு இருந்திருந்தா எங்க மச்சான் இந்நேரம் சுடுகாட்டுல கிடப்பாரு. டாக்டரம்மா என்ன சொன்னாகன்னு சொல்லட்டா? திடுதிப்புனு குடிய..."

"ஏலே, நீ சும்மா இரு" என்றாள் அம்மா.

"யக்கா, அவுக சொன்னதச் சொன்னா என்ன?"

"சும்மா இருன்னேன். நான் செஞ்சது தப்பு. நான் விழுந்து கும்பிடுதேன்."

எனக்கு அவமானமாக இருந்தது. கூட்டத்தையே அடக்கி, பல்லால் கயிறு அறுத்த அம்மா இவள்தானா என்று தோன்றியது. டாக்டர் சொன்னதைச் சொன்னால் எல்லோர் வாயும் அடைத்துப்போகும். அது தெரிந்தும் ஏன் வாயை மூடிக்கொண்டு நிற்கிறாள் என்று எனக்குப் புரியவில்லை. வீட்டில் கேட்டேன். "டாக்டர் சொன்னத ஏன் சொல்ல மாட்டேங்குற?" அம்மா எனக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள். சீப்பால் மண்டையில் ஒரு தட்டுத் தட்டி, "நேரா உக்காரு" என்றாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம், நல்ல வெயில். அப்பாவையும் வரச் சொல்லியிருந்தார்கள். மாமா அவரை ஆட்டோவில் கொண்டுவந்து கோயிலுக்கு எதிரே வேப்பமர நிழலில் உட்கார வைத்தார். அப்பா மெலிந்திருந்தார். யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊர் ஒதுங்கி நின்று வேடிக்கை பார்த்தது. அம்மா ஈரச் சேலையோடு மூன்று சுற்றுச் சுற்றினாள். மண் சுட்டது. நான் கூடவே நடந்தேன், என் காலில் செருப்பு இருந்தது.

மூன்றாவது சுற்று முடிந்ததும் அம்மா வாசலில் நின்றாள். கையைக் கூப்பினாள். அப்படியே நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாள். முகத்தை மண்ணில் வைத்துக்கொண்டு ஏதோ சொன்னாள். முதுகு குலுங்கியது. வெகு நேரம் எழவில்லை.

அவள் தலை கோயிலைப் பார்த்து இல்லை. வேப்பமரத்தைப் பார்த்து இருந்தது. வெயிலில் சுற்றியதில் தலை கிறுகிறுத்துத் திசை மாறி விழுந்துவிட்டாள் என்று நினைத்தேன். பெரியப்பா கவனித்தால் இதற்கும் ஒரு குற்றம் சொல்வார் என்று பயம் வந்தது. ஓடிப்போய்க் குனிந்து அவள் காதில் மெதுவாகச் சொன்னேன்.

"யம்மா, சாமி அந்தப் பக்கம்."

அம்மா எழுந்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். நான் காட்டிய பக்கமாகத் திரும்பி இன்னொரு முறை விழுந்து கும்பிட்டாள்.